சுருக்கொப்பம்

ஐப்பசி எட்டோடு பதவி முடிந்தது.
மழையில் நனைந்து வந்து தலைவரம்மா
ஒவ்வொன்றாய் என் மேசைமேல் வைத்தார்:
பீரோ சாவி, காசோலைப் புத்தகம்,
'தலைவர்' என்ற ரப்பர் முத்திரை, மைப்பெட்டி.
பிறகு, "மைப்பெட்டி மட்டும் என் துட்டு சாரே" என்று
அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

வேண்டாமிர்தம்.
நாலாவதும் பெண் என்று வைத்த பெயர்.
வாக்குச்சீட்டில் அதற்கு நேரே பூட்டு சாவிச் சின்னம்.
நாற்காலி பெண்ணுக்கு என்று அரசாணை வந்த அன்று
சிரித்தவர்கள் எல்லாம்
ஆறு மாதத்தில் அவர் பீடி சுற்றும் முறத்தருகே
கையெழுத்துக்கு நின்றார்கள்.
இலைத்தூள் ஒட்டாத ஒரு காசோலையும்
எங்கள் ஊராட்சியிலிருந்து போனதில்லை.

அடுத்த தேர்தல் வரவில்லை.
வார்டு வரையறை என்றார்கள், வழக்கு என்றார்கள்.
ஆனால் நாற்காலி காலியாக இருக்கக் கூடாதாம்,
அணைக்கட்டிலிருந்து தனி அலுவலர் வந்தார்.
ஏழு ஊருக்கும் அவர் ஒருவரே.
சின்னத்தாங்கலுக்கு இரண்டாவது வியாழக்கிழமை,
ஜீப்பில் டீசல் இருந்தால்.
கெட்டவர் இல்லை, இதை எழுதிவிட வேண்டும்.
எங்கள் தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் என்று
ஒவ்வொரு முறையும் கேட்பார். அவ்வளவுதான்.

நான் செயலர்.
மூன்று தலைவர்களையும் ஒரே மின்விசிறியையும் பார்த்தவன்.

தலைவரம்மா விட்டுப்போன பாக்கி ஒன்றே ஒன்று:
காலனி சிறுபாலத்தில் ஒரு விளக்கு.
ஷூ கம்பெனி வேன் இரவு ஒன்பதே முக்காலுக்கு
பெண்களை அங்கே இறக்கிவிட்டுத் திரும்பும்,
தன் வெளிச்சத்தையும் எடுத்துக்கொண்டு.
தீர்மானம் போட்டார், மதிப்பீடு போனது,
கம்பம் மட்டும் வரவில்லை.

மாசியில் ஒரு திங்கட்கிழமை
சத்துவாச்சாரிக்குப் பஸ் ஏறினார்,
ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க.
வாசலில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று
போலீஸ்காரப் பெண் பையைத் துழாவினாள்.
மைப்பெட்டிதான் இருந்தது.
வரிசையில் கைநாட்டு வைக்க வேண்டிய இரண்டு பேருக்கு
அது உதவியதாம்.

மனு எண் வாங்கிக் கீழே இறங்கத் தொடங்கியது.
ஆட்சியரகத்திலிருந்து ஊரக வளர்ச்சிக்கு,
அங்கிருந்து அணைக்கட்டுக்கு,
அணைக்கட்டிலிருந்து தனி அலுவலருக்கு
(அதே கட்டடம், அடுத்த அறை, ஒன்பது நாள்),
அவரிடமிருந்து எனக்கு.
மேசைக்கு மேசை ஒரு முத்திரை: தக்க நடவடிக்கைக்கு.
என் மேசைக்குக் கீழே மேசை இல்லை.

ஆகவே பதில் எழுதினேன்.
நிதிநிலைக்கேற்பப் பின்னர் பரிசீலிக்கப்படும்.
ஐந்து வருடம் அவர் கையெழுத்துக்கு
நானே எழுதித் தந்த வரி.
முதல் தடவை கேட்டார், "பின்னர்னா எப்போ?"
அப்படித்தான்மா எழுதணும் என்றேன்.

தனி அலுவலர் ஒப்பமிட்டுப் போன மறுநாள் சாயங்காலம்
நகல் வாங்க வந்தார்.
நாற்காலி காட்டினேன். நின்றே படித்தார்.
"தீர்மானம் பதினேழு இல்ல சாரே, பதினாலு.
பதினேழு குரங்கு புடிக்கிறது."

உண்மை. அடித்துத் திருத்தினேன்.
அடித்தலுக்குப் பக்கத்தில்
அதிகாரமுள்ளவர் சுருக்கொப்பம் வேண்டும்.
பழக்கதோஷம்,
பேனா என்னையறியாமல் அவர் பக்கம் நீண்டுவிட்டது.

அதைப் பார்த்தார். கை நீட்டவில்லை.
"நான் போட்டா செல்லாதே" என்றார்,
எனக்கு விதி சொல்லித் தருபவர் போல.
"வியாழக்கெழம வரேன். எந்த வியாழன்?"

வாசலில் நின்று டார்ச்சைத் தட்டிப் பார்த்தார்.
தினமும் ஒன்பதே முக்காலுக்கு
சிறுபாலத்தில் நிற்கிறார் என்று ஊரில் பேச்சு.
அந்த வேனில் வர அவருக்குப் பெண் பிள்ளை இல்லை.

அலுவலக டார்ச்சோ என்று ஒரு கணம் உற்றுப் பார்த்தேன்.
இருப்புப் பதிவேட்டைப் புரட்டினேன்.
இல்லை. அதுவும் அவர் துட்டு.